ஏரியைச் சுற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி: விடுமுறைக்கு ஓர் ஏரிக்கரைக்குப் போகிறோம். சைக்கிள் சுற்றுப்பாதை 42 கிலோமீட்டர், ‘எளிது’ என்று போட்டிருக்கிறார்கள். நான் தினமும் ஓட்டுபவன். மனைவி சைக்கிளைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. மகனுக்கு 9 வயது. அப்பாவுக்கு 64, முழங்கால் வலி உண்டு. நாலு பேரும் சேர்ந்து சுற்றி வரலாமா?

பதில்: வேண்டாம். சேர்ந்து ஓட்டுங்கள், ஆனால் சுற்றாதீர்கள்.

சுற்றுப்பாதையின் சங்கடமே பாதி வழியில்தான். 21வது கிலோமீட்டரில் அப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால், திரும்பினாலும் 21, முன்னே போனாலும் 21. பழக்கமில்லாதவர்கள் மணிக்கு 12 கிலோமீட்டர் போனாலே பெரிது. அப்படியென்றால் மிதிக்கிற நேரம் மட்டும் மூன்றரை மணி. அதற்குப் பதிலாக 5 கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்புங்கள். எதிர்காற்று இருக்கிற பக்கமாகப் புறப்பட்டால், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். முழுச் சுற்று ஆசை உங்களுக்கு இருந்தால், மற்றவர்கள் எழுந்திருக்கும் முன் விடிகாலையில் தனியாகப் போய் வாருங்கள்.

அந்த ‘எளிது’ பலகையை நம்பாதீர்கள். எது எளிது, எது கடினம் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. எழுதுகிறவர் வைத்ததுதான் சட்டம். காரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்னவோ! தண்ணீர் மட்டமாக இருப்பதால் கரையும் மட்டமாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பாறை வந்தால் பாதை மேலே ஏறித்தான் இறங்கும். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் மேடு ஒன்று போதும், மனைவியும் மகனும் இறங்கித் தள்ள. மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், கார், லாரியோடு சேர்ந்து ஓட்ட வேண்டியது எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டையும் பலகையில் போட இவர்களுக்கு என்ன கஷ்டம்?

அடுத்தது, வாடகைக்காரர். அப்பாவைப் பார்த்ததும் பேட்டரி சைக்கிளைத் தலையில் கட்டுவார். அது தப்பில்லை, அவருக்கு நல்லதுதான். ஆனால் ‘80 கிலோமீட்டர் ஓடும்’ என்று அவர் சொல்வது, சமதரையில், மோட்டாரின் உதவியை மிகக் குறைவாக வைத்து ஓட்டினால். சார்ஜ் தீர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியை அப்பாவேதான் மிதிக்க வேண்டும். சார்ஜ் எவ்வளவு என்று திரையில் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள். பையனுக்குப் பெரிய சைக்கிளைக் காட்டி, ‘பழகிடுவான் சார்’ என்றால் நகர்ந்துவிடுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையைத் தொட வேண்டும், பிரேக் விரலுக்கு எட்ட வேண்டும். பெரியவர்களுக்குக் கணக்கு வேறு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட்டு அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

நீங்கள் தனியாகச் சுற்றும்போது, வண்டிகள் இடப்பக்கம் போகும் நாடென்றால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போங்கள். ஏரி உங்கள் பக்கம் இருக்கும், எதிர்வண்டிகள் அந்தப் பக்கம். ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றுபவர்கள் இப்படித்தான் போகிறார்கள்.

நாலு பேரும் சுற்றலாம் என்று நான் ஒப்புக்கொள்வது, நடுவே படகு இருந்தால் மட்டும். ஐரோப்பாவின் போடன்சே ஏரியில் கான்ஸ்டன்ஸுக்கும் மியர்ஸ்பர்க்குக்கும் இடையே கார்களையே ஏற்றிச் செல்லும் படகு உண்டு. சைக்கிளோடு ஏறி அக்கரை சேரலாம். அப்படி ஒன்று உங்கள் ஏரியில் இருந்தால் சுற்று பாதியாகிவிடும். ஆனால் படகு இருப்பது வேறு, சைக்கிளை ஏற்றுவது வேறு. சைக்கிளை ஏற்றினாலும் பேட்டரி சைக்கிளை ஏற்றுவார்களா, ஒரே நடையில் நாலு சைக்கிளுக்கு இடம் இருக்குமா, காற்று பலமாக அடித்தால் படகை ஓட்டுவார்களா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதல் நாளே படகுக்காரரிடம் நேரில் கேளுங்கள். பலகையில் பார்க்காதீர்கள்.