ஒலிவா பிளாக்பெரியா, எதில் சத்து கூட?

யாழ்ப்பாணத்துக் கடைகளில் போத்தலில் கிடைக்கும் கறுப்பு ஒலிவும் பிளாக்பெரியும் சத்தில் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நிறம் மட்டும்தான் ஒற்றுமை.

ஒலிவ் எண்ணெய்ப் பழம். பதப்படுத்திய கறுப்பு ஒலிவ் 100 கிராமில் சுமார் 11 கிராம் கொழுப்பு, 115 கலோரி. கொழுப்பில் பெரும்பங்கு ஒலெயிக் அமிலம், நல்ல வகைதான். ஆனால் மரத்தில் பறித்து அப்படியே கடித்தால் பாவற்காய் தோற்றுவிடும். ஒலியூரோபின் என்ற பொருளின் கசப்பு அது. அதைப் போக்கத்தான் உப்புத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள், நாங்கள் மாங்காயை உப்பில் போடுவதுபோல. பிரஷர் உள்ளவர்கள் கழுவி, எண்ணி நாலோடு நிறுத்துங்கள்.

பிளாக்பெரியில் 100 கிராமுக்கு 43 கலோரிதான், கொழுப்பு அரை கிராம். நார்ச்சத்து 5 கிராம், விட்டமின் சி 21 மில்லிகிராம். ஒலிவில் விட்டமின் சி இல்லையென்றே சொல்லலாம். நாவற்பழம் தின்றால் நாக்கு ஊதாவாகுமே, அந்த நிறத்தைத் தரும் அந்தோசயனின் வகை இதிலும் உண்டு. நாவலுக்கு ஒரே கொட்டை; இதுவோ குட்டி மணிகள் ஒட்டிய திரள், மணிக்கொரு விதை, பல்லிடுக்கில் சிக்கும்.

அப்புறம், ‘சிலோன் ஒலிவ்’ என்கிற வெரளிக்காய் வேறு குடும்பம். இந்தக் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.