பள்ளியின் சுதந்திரம் பிள்ளைக்கு என்ன தரும்?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. அரசு நிதி பெறாத தன்னாட்சிப் பள்ளி ஒன்றில் அவளைச் சேர்க்க வேண்டும் என்கிறார் என் கணவர். அங்கே கட்டணம் அதிகம் என்பதால் நான் தயங்குகிறேன். கொடுக்கும் பணத்துக்கு ஈடான பயன் உண்மையில் கிடைக்குமா?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. மதிப்பெண் கூடும் என்ற எதிர்பார்ப்பில்தான் பலர் இப்பள்ளிகளை நாடுகிறார்கள். ஆனால் அந்தக் காரணமே மிகவும் பலவீனமானது. 15 வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடத்தப்படும் பிசா தேர்வின் தரவுகளை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2011-இல் ஆராய்ந்து வெளியிட்டது. தனியார் பள்ளி மாணவர்கள் பொதுவாகக் கூடுதல் மதிப்பெண் பெற்றாலும், அவர்களுடைய குடும்பப் பின்னணியையும் உடன்பயில்வோரின் பின்னணியையும் கணக்கில் கொண்டால், பெரும்பாலான நாடுகளில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது என்பதே அந்த ஆய்வின் முடிவு.

அப்படியானால் பயன் எங்கே இருக்கிறது? எதை, எந்த வரிசையில், எந்த வேகத்தில் கற்பிப்பது என்பதைப் பள்ளியே பெருமளவு முடிவு செய்துகொள்ளும் உரிமையில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளியில், ஆண், பெண் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து, முதல் வகுப்பிலிருந்தே இரண்டு அயல்மொழிகளைக் கற்றார்கள். வகுப்புக்கு வருவதும் வராததும் மாணவரின் விருப்பம் என்ற கொள்கையோடு 1921-இல் ஏ. எஸ். நீல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளியிடம், 1999-இல் நடந்த அரசு ஆய்வுக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு அந்தக் கொள்கையை மாற்றச் சொன்னபோது, பள்ளி தீர்ப்பாயத்துக்குச் சென்றது; 2000-இல் உடன்பாடு ஏற்பட்டு அக்கொள்கை நிலைத்தது. அந்தக் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு பள்ளி தன் நம்பிக்கைக்காக இவ்வளவு தூரம் போராட முடிந்ததற்கு அதன் தன்னாட்சிதான் அடிப்படை.

எனவே உங்கள் முன்னுள்ள பள்ளி தன் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். பெரிய கட்டடங்களையும் நீச்சல் குளத்தையும் காட்டுபவர்களிடம், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால், கையை உயர்த்தாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் மௌனம்கூட ஆசிரியர் கண்ணில் படும். பத்து வயதில் இதைவிடப் பெரிய பயன் வேறில்லை. பாடத்தில் பின்தங்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள், ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறார்கள் என்ற இரண்டையும் தவறாமல் விசாரியுங்கள். ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருந்தால், நான் அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கட்டணத்தோடு பேருந்து, சீருடை, சுற்றுலா, தேர்வுச் செலவுகளையும், ஆண்டுதோறும் ஏறும் தொகையையும் சேர்த்து, அவள் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை கணக்கிடுங்கள். பாதி வழியில் பணமில்லாமல் பள்ளி மாற்றுவது, தோழிகளைப் பிரியும் பிள்ளைக்கு ஆழமான வலியாகும்.

கேள்வி: உதவித்தொகை என்றாலே முதல் மதிப்பெண் பெறுபவர்களுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. தேர்வு, இசை, விளையாட்டு ஆகியவற்றில் காட்டும் திறமைக்காகத் தருவது ஒரு வகை. பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைப்பது இன்னொரு வகை. பல தன்னாட்சிப் பள்ளிகளில் இரண்டும் உண்டு. முதல் வகையில் கிடைக்கும் தொகை பெரும்பாலும் சிறியது. கட்டணத்தின் பெரும்பகுதியைக் குறைக்கக் கூடியது இரண்டாவதுதான். விண்ணப்பத்துக்கான கடைசி நாள், சேர்க்கைக்கு வெகு காலம் முன்பே முடிந்துவிடக்கூடும் என்பதால் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வருமானம் ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யப்படுமா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.