பழைய வி8 காருக்கு எத்தனை சி.எஃப்.எம். கார்புரேட்டர் போடலாம்?

350 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினுக்கு 750 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று விடும் அளவு) கார்புரேட்டர், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி, போட்டால் வேகம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெருவில் ஓட்டும் காருக்கு வேண்டாம். கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) பெருக்கி 3456ஆல் வகுத்துப் பாருங்கள். 6000 ஆர்பிஎம்முக்கு 608 வரும். சாதாரண எஞ்சின் அதில் 85 சதவீதம் இழுத்தாலே நல்லது. அதாவது சுமார் 516. ஆக, 600 தாராளம்.

பெரிதாகப் போட்டால் குறைந்த ஆர்பிஎம்மில் வென்சூரி (கார்புரேட்டரின் குறுகிய கழுத்து) வழியே காற்று மந்தமாகப் போகும், பெட்ரோல் சரியாகத் தூவாது. பெடலை மிதித்ததும் வண்டி ஒரு கணம் திணறும், அப்புறம்தான் பாயும்.

ஆட்டோமேட்டிக் கியர், கனமான வண்டி என்றால் வேக்யூம் செகண்டரி (கார்புரேட்டரின் இரண்டாம் கட்டக் காற்று வாய்கள் எஞ்சின் உறிஞ்சலால் தானே திறக்கும் வகை). எடை குறைந்த மேனுவல் கியர் வண்டிக்கு மெக்கானிக்கல் செகண்டரி (பெடலோடு இணைந்து திறக்கும் வகை) சரி. வாங்குமுன் ஏர் ஃபில்டரோடு சேர்த்துப் பானெட் மூடுமா என்று அளந்துகொள்ளுங்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.