புல்லட் வீட்டில் இருக்கட்டும், கடைகண்ணிக்கு ஒரு சின்ன வண்டி

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். 2022-ல் ஆசைப்பட்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கினேன், வீட்டில் எல்லோருக்கும் அது புல்லட்தான். இப்போது வயது 54, முழங்கால் வலி வேறு. நாற்கரச் சாலையில் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. திருநெல்வேலி டவுன் ரதவீதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போதுதான் பின்னால் தள்ள முடியாமல் திணறுகிறேன். போன மாதம் வாகையடி முக்கு பக்கம் ஒரு கடை வாசலில் வண்டி சாய்ந்துவிட்டது, அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். விற்க மனசில்லை. காய்கறி, அரிசி, மருந்து, கோயில் என்று நான் போகிற இடமெல்லாம் ஏழெட்டு கிலோமீட்டருக்குள்தான். இரண்டாவதாக எடை குறைந்த வண்டி ஒன்று வேண்டும். மச்சான் ஸ்பிளெண்டர் என்கிறார், மகன் ஸ்கூட்டர் என்கிறான், நண்பர் ஒருவர் ஹன்டர் 350 எடு என்கிறார். என் வீட்டம்மாவுக்கு சைக்கிள் தெரியும், வண்டி ஓட்டிப் பழகியதில்லை. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், பெருமாள்புரம்

பதில்: முதலில் ஹன்டரைத் தள்ளி வைத்துவிடுவோம். நல்ல வண்டிதான், ஆனால் உங்கள் சிக்கலுக்கு அது மருந்து இல்லை. கிளாசிக் 195 கிலோ, ஹன்டர் 181 கிலோ. வித்தியாசம் 14 கிலோ, கிட்டத்தட்ட ஒரு சமையல் சிலிண்டருக்குள் இருக்கிற கேஸின் எடை. அதற்காக இன்னொரு 350 சிசி வண்டியை வாசலில் கட்டி வைக்க வேண்டியதில்லை.

எடை என்பது ஓடும்போது தெரிவதே இல்லை. நடக்கிற வேகத்தைத் தாண்டிவிட்டால் 195 கிலோவும் 110 கிலோவும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் போகும். சங்கடம் எல்லாம் இன்ஜின் ஆஃப் ஆன பிறகுதான்: ரோட்டோரச் சரிவில் முன்சக்கரம் இறங்கி நிற்கும், பின்னால் ஒரு ஆட்டோ, பக்கத்தில் ஒரு பூக்கடை, நடுவில் இரண்டு காலையும் ஊன்றி வண்டியைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும், அந்த இடத்தில் முழங்கால் கைவிட்டால் யாராக இருந்தாலும் வண்டி சாயத்தான் செய்யும். அதனால் ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதைவிடத் தள்ளிப் பார்ப்பதுதான் முக்கியம். இன்ஜினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே நாலைந்து எட்டு பின்னால் தள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சின்ன வட்டம் அடியுங்கள். வீட்டில் சாரமோ வேட்டியோ கட்டுகிறவர் என்றால் அதே உடுப்போடு, அதே செருப்போடு போங்கள், ஏனென்றால் கடைக்கு அப்படித்தான் போகப் போகிறீர்கள்.

சரி, மச்சான் சொன்ன ஸ்பிளெண்டர். 97.2 சிசி, 112 கிலோ, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார், 18 அங்குலச் சக்கரம் என்பதால் குழியில் இறங்கி ஏறும்போது தூக்கிப் போடாது. தனியாக ஓட்டுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் புல்லட்டும் வைத்திருக்கிறவர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். உங்கள் கிளாசிக்கில் முன்பக்கம் மிதித்தால் கியர் குறையும், குதிகாலால் பின்பக்கம் மிதித்தால் கூடும். ஸ்பிளெண்டரில் நேர் எதிர், முன்பக்கம் மிதிக்க மிதிக்கக் கியர் கூடிக்கொண்டே போகும். தினமும் ஸ்பிளெண்டர் ஓட்டி அந்தப் பழக்கம் காலில் ஏறிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை புல்லட்டை எடுத்துக்கொண்டு நல்ல வேகத்தில் போகும்போது கியரைக் கூட்டுவதாக நினைத்து முன்னால் மிதித்தால் கியர் இறங்கி, பின்சக்கரம் பிடித்து இழுக்கும். ஈர ரோட்டில் அது வழுக்குவதற்குப் போதும். ஒரே வீட்டில் எதிரெதிர் கியர் முறை உள்ள இரண்டு வண்டிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை, அதுவும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சொல்லவே மாட்டேன். அந்த வகையில் இரண்டாவது வண்டி கியரே இல்லாததாக இருப்பது நல்லது, கால் குழம்புவதற்கு வழியே இல்லை.

ஹோண்டா ஷைன் 100 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 99 கிலோதான், கியர் பைக்குகளில் இந்த அளவு எடை குறைந்தது அதிகம் இல்லை. கியர் பைக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதைத் தள்ளிப் பாருங்கள், கியர் எந்தப் பக்கம் கூடுகிறது என்பதையும் அங்கேயே மிதித்துப் பாருங்கள்.

மகன் சொன்ன ஸ்கூட்டர். ஆக்டிவா மாதிரி 110 சிசி வண்டி ஒன்று 105 கிலோ சுற்றி வரும். கால் வைக்கிற இடத்தில் அரிசிச் சிப்பம் நிற்கும், சீட்டுக்கு அடியில் மருந்துப் பை போகும், சேலை கட்டியவர் பின்னால் ஏறி இறங்கச் சுலபம். குறை சக்கரத்தில் இருக்கிறது. முன்னால் 12 அங்குலம், பின்னால் 10 அங்குலம். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி, அரைகுறையாக மூடிய தெருவில் அந்தச் சின்னச் சக்கரம் குழிக்குள் முழுசாக இறங்கும், அந்த அதிர்ச்சி நேராக இடுப்புக்கு வரும். இடுப்பும் முழங்காலும் சரியில்லாதவர் அதை யோசிக்க வேண்டும். மின்சார ஸ்கூட்டரைச் சொல்கிறான் என்றால், ஏழெட்டு கிலோமீட்டருக்குள் போய் வருகிற ஓட்டத்தில் பெட்ரோல் மிச்சம் பிடித்து அந்த விலையை எடுக்க ரொம்ப காலம் ஆகும், எடையும் பெரும்பாலும் பெட்ரோல் ஸ்கூட்டரைவிடக் கூடுதல்தான்.

என் பதில் டிவிஎஸ் எக்ஸ்எல் 100. அதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம் வருகிற ஒரு வரி. வீட்டம்மாவுக்கு சைக்கிள் தெரியும் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், நான் அங்கேதான் நின்றுவிட்டேன். புல்லட்டை அவர்கள் ஒருநாளும் தொடப் போவதில்லை. இரண்டாவதாக வருகிற வண்டி அவர்களும் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தால், மகாராஜநகர் உழவர் சந்தைக்கோ கோயிலுக்கோ உங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எக்ஸ்எல் எடை 90 கிலோவுக்குள், கியர் கிடையாது, கிளட்ச் தானாகப் பிடித்து விடும், சைக்கிளைப் போலவே இரண்டு பிரேக்கும் கையில், சக்கரம் 16 அங்குலம், அதனால் குழியில் ஸ்கூட்டரைவிடப் பரவாயில்லை. முன்னால் தட்டையான இடத்தில் சிப்பமோ சிலிண்டரோ நிற்கும், பின்சீட்டைக் கழற்றினால் வாழைத்தாரே ஏற்றலாம். ஐம்பது வயதை நெருங்கும்போது வண்டி பழகினவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒரு மாதத்தில் அவர்கள் முகத்தில் வருகிற தெளிவே தனி. கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், ஆனால் கேட்காமல் விடாதீர்கள். கியர் இல்லாத வண்டிக்கான எல்எல்ஆர் எடுத்து, எல் போர்டு மாட்டி, காலை ஆறு மணிக்கு உள்தெருக்களில் பைய ஓட்டிப் பழகட்டும், முப்பது நாள் கழித்து லைசென்ஸ் சோதனைக்குப் போகலாம்.

எக்ஸ்எல்லின் குறைகளையும் சொல்ல வேண்டும். டேங்க் 4 லிட்டர்தான். திறன் நாலரை குதிரைக்கும் குறைவு, அதனால் இரண்டு பேரும் ஒரு சிப்பமும் ஏறினால் ஈரடுக்கு மேம்பாலத்தில் வேகம் விழும், ஓரமாகப் பைய ஏறிவிடும். இரண்டு பக்கமும் டிரம் பிரேக், முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டுப் பழக வேண்டும். ஹெல்மெட் வைக்க இடம் கிடையாது, கையோடு கொண்டுபோக வேண்டியதுதான். எடை குறைவு என்பதால் திருடன் தூக்கிக்கொண்டு போவதும் சுலபம், நயினார்குளம் மார்க்கெட் மாதிரி கூட்டமான இடத்தில் நிறுத்தினால் ஒரு சங்கிலிப் பூட்டு போடுங்கள். இருவரும் சேர்ந்து அடிக்கடி வெளியே போவீர்கள் என்றால் மட்டும் ஸ்கூட்டர் பக்கம் சாயலாம்.

அப்புறம் செலவு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, ஆகையால் பழைய விலைப்பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு 2022 ஜூன் கட்டணப்படி 150 சிசிக்கு மேல் 350 வரை வருடத்துக்கு 1366 ரூபாய், 75-க்கு மேல் 150 வரை 714 ரூபாய். புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டச் சொல்வார்கள். அதில் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் ஒரு வரியாக இருக்கும். புல்லட்டுக்கு உங்கள் பெயரில் அது ஏற்கெனவே நடப்பில் இருந்தால், உங்கள் பெயரிலேயே வாங்குகிற இரண்டாவது வண்டிக்குத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை, அந்த பாலிசி நகலைக் காட்டி அந்த வரியை நீக்கிவிடச் சொல்லுங்கள். வண்டியை வீட்டம்மா பெயரில் வாங்கினால், லைசென்ஸ் வந்தபிறகு அவர்களுக்கென்று தனியாக எடுத்தாக வேண்டும்.

புல்லட்டை மறந்துவிடாதீர்கள். உங்கள் மாடலில் கிக்கர் கிடையாது. சின்ன வண்டி வந்த சந்தோஷத்தில் மாதக்கணக்கில் ஓரம்கட்டினால் பேட்டரி இறங்கி, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முழங்கால் இடம் கொடுக்காமல் நிற்பீர்கள். ஸ்டாண்டில் போட்டு ஐந்து நிமிடம் ஓட விடுவது போதாது, செல்ஃப் எடுத்த கரண்டு திரும்ப ஏறுவதற்குள் அணைத்துவிடுவீர்கள், சூடேறாத இன்ஜினில் ஈரமும் ஆயிலோடு தங்கிவிடும். வாரம் ஒருமுறை திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் வரை போய் வாருங்கள். கடைகண்ணி ஓட்டம் குறைவதால் புல்லட்டுக்கும் நல்லதுதான், இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்து, அரை மணியில் திரும்பக் கிளப்புகிற ஓட்டம் எந்தப் பெரிய இன்ஜினுக்கும் ஆகாது.

கேள்வி: அண்ணே, என்னிடம் பெரிய பைக் இருக்கிறது. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று தினசரி வேலைக்கு 100 சிசி வண்டி வாங்கப் போகிறேன். வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் போய் வர வேண்டும். ஆடிக் காற்றில் சின்ன வண்டி தாங்குமா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: தம்பி, வண்டி தாங்கும், நீதான் கவனமாக இருக்க வேண்டும். காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வரைக்கும் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி என்று அங்கே நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். பக்கவாட்டில் காற்று தள்ளுகிற விசை வண்டியும் நீயும் எவ்வளவு பரப்பைக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, எடையைப் பொறுத்தது இல்லை. அதே தள்ளு 110 கிலோ வண்டியைக் கூடுதலாக நகர்த்தும், அவ்வளவுதான். ஆகவே பரப்பைக் குறை: பக்கவாட்டில் பெட்டி, தொங்குகிற பை, முன்னால் உயரமான கண்ணாடி எதுவும் வேண்டாம். முழங்காலை டேங்கோடு ஒட்டி வை, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதே, இறுக்கினால் காற்று உன் தோளைத் தள்ள, தோள் ஹேண்டிலைத் திருப்பிவிடும்.

மிக ஆபத்தான நொடி லாரியைத் தாண்டும்போது வருகிறது. லாரியின் மறைவில் காற்று நின்றுவிடும், நீ அறியாமலே சாய்மானத்தை நேராக்கியிருப்பாய், லாரியைக் கடந்ததும் திடீரென்று அடிக்கும். ஆனி, ஆடி, ஆவணியில் அந்தத் துண்டில் லாரி, பஸ்ஸை முந்தவே முந்தாதே. ரோட்டின் ஓரத்தில் ஒட்டாமல் உன் தடத்தின் நடுவில் போ, தள்ளினாலும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். பலமாக அடிக்கிற நாளில் பஸ்ஸில் போய்விடு, வேலைக்கு அரை மணி தாமதமானாலும் பரவாயில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஸ்பிளெண்டரைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். ஊருக்குள் ஓட்டத்தான். என்ன பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வண்டியைவிடப் பேப்பரை முதலில் பாருங்கள். ஆர்சியில் பதிவாகி 15 வருடம் ஆகப்போகிறதா? ஆகப்போகிறது என்றால் தகுதிச் சான்று வாங்கிப் புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும், விலையில் கழித்துப் பேசுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், ஆர்சியிலிருந்து கடனை நீக்குவதற்கான படிவம் 35-ம் கேளுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கட்டாத அபராதம் தெரியும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள், பக்கத்து வீடுதானே என்று விடாதீர்கள், வண்டி ஒரு விபத்தில் சிக்கினால் ஆர்சியில் பெயர் உள்ளவரைத்தான் தேடி வருவார்கள். ஸ்பிளெண்டரில் கியர் இருக்கிறது, உங்கள் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.