வட்டக்கச்சியிலிருந்து சலமங்காவுக்கு: தனியாகப் போய் ஸ்பானிஷ் படிக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருக்கிறேன், கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை. மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து வெளிநாடு போய் ஸ்பானிஷ் படிக்க ஆசை. குவாத்தமாலா மலிவு என்று ஒருவர் சொன்னார், ஸ்பெயின்தான் சரி என்று இன்னொருவர். கூட வர ஆளில்லை. கொழும்பில் புறக்கோட்டையில் இறங்கினாலே எனக்குத் திசை தெரியாமல் போய்விடும். அதைச் சொல்லியே அம்மா மறிக்கிறா. போகலாமா?

பதில்: தங்கச்சி, தாராளமாகப் போகலாம். ஆனால் எங்கே போவது என்பதை மலிவு தீர்மானிக்காது, உங்கள் கையில் இருக்கிற பாஸ்போட்தான் தீர்மானிக்கும்.

குவாத்தமாலாவில் அந்திகுவா என்ற சிறிய நகரம் ஸ்பானிஷ் படிக்க வருபவர்களிடம் பெயர்போனது. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று இருந்து படிப்பிப்பார்கள், உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கலாம், செலவும் குறைவு. உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, வழியைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார். கட்டுநாயக்காவிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாற மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பா வழியாகப் போனாலும் தப்ப முடியாது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள். அந்த நாட்டு விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கவே தனி விசா கேட்கப்படும் நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. குவாத்தமாலாவின் சொந்த விசா அதற்கு மேல். மிச்சம் பிடித்த காசு இந்த அலைச்சலிலேயே கரைந்துவிடும்.

ஸ்பெயின் என்றால் ஒரே விசா. குறுகிய கால ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் தங்கலாம். 12 வாரப் பாடநெறி 84 நாள், வரவும் போகவும் ஆறு நாள் மிச்சம். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்புறுதி கட்டாயம். நீங்கள் திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதத்துக்குப் பாஸ்போட் செல்லுபடியாக வேண்டும். இல்லையென்றால் முதலில் வவுனியா அலுவலகத்துக்குப் போய் அதைப் புதுப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முந்தியே விண்ணப்பிக்கலாம். விசா கைக்கு வரும்வரை விமான ரிக்கெற்றுக்கு முழுக் காசையும் கட்ட வேண்டாம், முற்பதிவுத் தாளைக் காட்டினால் போதும். திரும்பி வருவீர்களா என்பதுதான் அவர்களுடைய முதல் சந்தேகம். அதனால் விடுப்பு எந்தத் திகதியில் முடிகிறது, எப்போது வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிய கடிதத்தை அலுவலகத்தில் வாங்குங்கள். காணிப் பத்திரத்தைவிட அதற்குப் பெறுமதி அதிகம் என்பது என் கணிப்பு.

பெயரிலும் கவனம். ஸ்பெயின்காரருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு, பொதுவாக அப்பாவுடையது முதலில், அம்மாவுடையது அடுத்தது. அங்கத்தைய படிவங்களில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். இரண்டாவது கட்டத்தைக் கண்டதும் அம்மாவின் பெயரை எழுதப் போகாதீர்கள். பாஸ்போட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பதை முதல் கட்டத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதிவிட்டு, மற்றதை வெறுமையாக விடுங்கள்.

அடுத்தது ஊர். பார்சலோனா அழகான நகரம்தான், ஆனால் தெருப் பலகைகள் அந்தப் பகுதிக்குரிய கற்றலன் மொழியில் இருக்கும். வகுப்பில் 'கய்யே' என்று படித்த தெரு வெளியே 'கரேர்' ஆகியிருந்தால் புதிதாகப் படிப்பவருக்குத் தலை சுற்றும். மத்ரிட் பெரிது, அதிலேயே பாதிக் களைப்பு வந்துவிடும். உங்களுக்கு நான் சொல்வது சலமங்கா. மத்ரிட்டிலிருந்து மேற்கே ஏறத்தாழ 210 கிலோமீற்றர், 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், வெளிநாட்டு மாணவரைக் கண்டு பழகிய சனம். பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். ஊர் உயரத்தில் இருப்பதால் மாரியில் இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். செப்டெம்பரில் தொடங்குகிற வகுப்பைப் பாருங்கள்.

திசை தெரியாது என்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. வட்டக்கச்சியில் யாராவது வீடு விசாரித்தால் வீட்டு இலக்கமா சொல்வீர்கள்? சந்தி, வாய்க்கால், கோயில், மதகு, அந்த மாமரம் என்றுதானே சொல்வீர்கள். கிளிநொச்சியில் '155ஆம் கட்டையடி' என்றால் போதும், அந்த மைல் கட்டை நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சண்டையில் இடிந்துபோன கட்டடங்களை வைத்து இன்றைக்கும் வழி சொல்கிறோம். ஸ்பானிஷ் பேசும் நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவா 1972-இல் நிலநடுக்கத்தில் சிதைந்த ஊர். அங்கேயும் 'இன்ன கட்டடம் இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு' என்று முகவரி சொல்கிற வழக்கம் உண்டு. ஏரிப் பக்கம் என்றால் வடக்கு. புறக்கோட்டையில் நீங்கள் தடுமாறுவது, அடையாளம் பிடிக்க முந்தியே சனம் உங்களைத் தள்ளிக்கொண்டு போவதால்தான்.

சலமங்காவில் மூன்று அடையாளம் போதும். நடுவில் பிளாசா மயோர் என்ற பெரிய சதுக்கம். அங்கிருந்து ருவா மயோர் தெருவால் தெற்கே நடந்தால் பேராலயத்தின் கோபுரம். அதையும் தாண்டிக் கீழே இறங்கினால் தோர்மஸ் ஆறும் ரோமர் காலத்துப் பாலமும். தெரு ஆற்றை நோக்கி இறங்கினால் தெற்கே போகிறீர்கள். முதல் நாள் பையைத் தூக்காமல் தங்குமிடத்திலிருந்து சதுக்கம்வரை போய்த் திரும்புங்கள். ஒவ்வொரு முடக்கிலும் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். போகும்போது பார்த்த தெருவும் வரும்போது பார்க்கிற தெருவும் ஒரே தெருவாகத் தெரியாது. பலர் தொலைவது அதனால்தான்.

பஸ்ஸில் நான் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். முதல் கிழமை சரியான இலக்க பஸ்ஸில் ஏறி, ஊருக்கு வெளியே வயல்வெளி தெரியும்வரை போய்விட்டேன். அங்கே வாகனம் வலப்பக்கத்தால் ஓடும். ஏ-9 வீதியில் நின்ற பழக்கத்தில் நான் நின்றது எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தில். வீதியைக் கடக்கும்போதும் இதே வில்லங்கம்தான், முதலில் இடப்பக்கம் பாருங்கள்.

ஃபோனில் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள், தங்குமிட முகவரியை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். மத்ரிட்டில் பகலில் இறங்குகிற விமானமாகப் பாருங்கள். மெட்ரோ கதவடியில் நின்று ஃபோன் பார்க்க வேண்டாம், அது கள்வருக்கு வசதியான இடம். அவசரம் என்றால் 112.

வழி கேட்பதற்குத் தயங்காதீர்கள். 'பெர்தோனே, லா பிளாசா மயோர்?' என்றால் போதும், இலக்கணம் தேவையில்லை. மறுமொழியில்தான் கண்ணி இருக்கிறது. 'தெரேச்சா' என்றால் வலப்பக்கம், 'இஸ்கியெர்தா' இடப்பக்கம். நேரே போவதற்கு ஸ்பெயினில் 'தோதோ ரெக்தோ' என்பார்கள். லத்தீன் அமெரிக்கர் ஒருவர் 'தெரேச்சோ' என்றால் அதுவும் நேரேதான், கடைசி எழுத்து ஒன்று மாறியதில் திசையே மாறிவிடும். அதனால் காதைவிடக் கையைக் கவனியுங்கள். 'அக்கீ அல் லாதோ', அதாவது இந்தா பக்கத்தில்தான் என்று சொன்னால் நம்மூர் 'இந்தா கிட்டத்தான்' போல எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் போத்தலோடு நடங்கள்.

மொழியைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் முட்டுப்படுகிற பல இடங்களில் தமிழ் தெரிந்தவர் சும்மா நடந்து போய்விடலாம். 'மே குஸ்தா எல் கஃபே' என்ற வசனத்தில் நான் என்ற சொல்லே எழுவாயாக வராது. எனக்குக் கோப்பி பிடிக்கும் என்று நாம் சொல்கிற அதே கட்டுமானம். 'ஆப்லோ' என்ற ஒரே சொல்லில் பேசுகிறேன் என்பது முடிந்துவிடும், நான் என்பதற்கு 'யோ' என்று முன்னால் ஒட்டத் தேவையில்லை. 'தூ', 'உஸ்தெத்' இரண்டும் நீ, நீங்கள். 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். அங்கே வருவது நாக்கு பலமுறை அதிரும் றகரம். கரை, கறை என்று பிரித்துப் பழகிய காதுக்கு வித்தியாசம் பிடிபடும். நாளை என்று பொருள்படும் 'மஞானா'வில் வருவது நம் ஞகரம். கஷ்டம் எங்கே என்றால், மேசைக்கும் கதிரைக்கும்கூட ஆண்பால் பெண்பால் இருப்பதிலும், 'இருக்கிறேன்' என்பதற்கு 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள் இருப்பதிலும்தான். போக முந்தி இந்த இரண்டையும் வீட்டிலேயே படித்துவிடுங்கள். கிழமைக்கு 20 மணி நேர வகுப்பும் குடும்பத்தோடு தங்கலுமாக 12 வாரம் இருந்தால் அன்றாடத் தேவைக்குப் பேசக்கூடிய ஏ2 தரம் கைக்கு வரும். ஸ்பானிஷ் தரத்தைச் சோதிக்கிற தேலே பரீட்சையின் சான்றிதழ் காலாவதியாவதில்லை, சியெலே என்ற மற்றப் பரீட்சையின் சான்றிதழ் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும்.

சாப்பாடு மதியம் இரண்டு மணிக்குப் பிறகு, இரவில் ஒன்பதைத் தாண்டும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் 'சின் கார்னே', இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாது, பன்றித் துண்டோ சூரை மீனோ வந்து நிற்கலாம். 'நி ஹமோன், நி அத்தூன்' என்று பெயர் சொல்லி மறுங்கள்.

அம்மாவுக்கு ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறுவரை அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின், அதன்பிறகு நாலரை. வட்டக்கச்சியில் விளக்கு வைக்கிற ஆறரை மணிக்கு அங்கே செப்டெம்பரில் பிற்பகல் மூன்று மணி, வகுப்பு முடிந்து சாப்பிட்டு எழும்புகிற நேரம். சதுக்கத்தில் நின்றபடி அம்மாவுக்கு வீடியோவில் எடுத்து, வீட்டுக்குப் போகிற வழியைக் காட்டிக்கொண்டே நடங்கள்.