கதவைத் தட்டியவர் பெயர் எங்கே?

கேள்வி: பம்பாயின் 'ரைசிங் ஸ்டார்' லாட்ஜை (ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர்) 1843-ல் இந்தியர்களுக்காக வெள்ளைக்காரர்களே தொடங்கிக் கொடுத்தார்கள், சாதி மதம் பார்க்காத ஃப்ரீமேசன்களின் பெருந்தன்மைக்கு அதுவே சாட்சி என்கிறார் என் நண்பர். சரிதானா?

பதில்: பாதிதான் சரி. தொடங்கிவைத்தவர் ஸ்காட்லாந்து மேசன்களின் மேற்கிந்தியத் தலைவராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்பது உண்மை, அவருக்குரிய பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் மானக்ஜி கர்செட்ஜியை உங்கள் நண்பர் எப்படி விட்டார்? பம்பாயில் ஏற்கெனவே இருந்த லாட்ஜில் சேர மனுப் போட்ட பார்சிக்காரர் அவர். சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் சும்மா இருக்கவில்லை, கடல் கடந்து போய் பாரீஸில் ஒரு பிரெஞ்சு லாட்ஜில் முறைப்படி மேசனாகிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். இனி அவரை மேசன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, பக்கத்தில் உட்காரவைக்கவும் உள்ளூர் லாட்ஜுக்கு மனசில்லை. இந்த இக்கட்டுக்கு பர்ன்ஸ் கண்ட வழிதான் ரைசிங் ஸ்டார். அங்கே பைபிளோடு பார்சிகளின் வேதமான அவெஸ்தாவுக்கும் குரானுக்கும் இடம் கொடுத்தார்கள், சேருபவர் தன் வேதத்தின் மேல் கைவைத்து உறுதிமொழி எடுக்கலாம். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை.

நம் பக்கத்தையும் பாருங்கள். மதராஸில் 1752-லேயே லாட்ஜ் வந்துவிட்டது. 1770களில் திருச்சியில் ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத் உல் உமராவைச் சேர்த்துக்கொண்டார்கள், லண்டன் தலைமையகம் அவருக்கு மேசன்கள் சடங்கில் இடுப்பில் கட்டும் அலங்கார ஏப்ரனும் விதிமுறைப் புத்தகமும் அனுப்பிப் பாராட்டியது, அவரும் பாரசீகத்தில் நன்றி எழுதினார். கிழக்கிந்தியக் கும்பெனிக்கு வேண்டிய நவாபின் வாரிசு என்றால் மதம் குறுக்கே வரவில்லை. மற்றவர்கள் வந்தபோது மட்டும் வந்துவிட்டது. கல்கத்தாவின் பிரசன்ன குமார் தத்துக்கு நடந்ததும் அதுதான், பல தெய்வங்களைக் கும்பிடும் இந்து எப்படி மேசனாக முடியும் என்று கேட்டு அவரை வருஷக்கணக்கில் வாசலிலேயே நிற்கவைத்தார்கள், அத்தனைக்கும் அங்கே 1730-லிருந்தே லாட்ஜ் உண்டு. தத் விடாமல் மனுப் போட்டு 1872-ல்தான் உள்ளே போனார்.

அதனால் உங்கள் நண்பர் பர்ன்ஸைப் பாராட்டட்டும், அதோடு மானக்ஜியின் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.