லெசித்தின் பற்றிக் கேட்டீர்களே

செம்பூரில் பதினோரு வருடமாக வீட்டிலேயே முகத்துக்குத் தடவும் க்ரீம் செய்து வருகிறேன். அதில் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கப் போடும் பொருள்தான் லெசித்தின். நம் மும்பைத் தமிழ்க்காரர்கள் அதைப் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

முலுண்டிலிருந்து: அக்கா, லெசித்தின் சோயாவிலிருந்து வருகிறதா, முட்டையிலிருந்தா?

இரண்டிலும் உண்டு. 1840-களில் கோப்லே என்ற பிரெஞ்சுக்காரர் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்துதான் இதைப் பிரித்தார். கிரேக்கத்தில் மஞ்சள் கருவுக்கு 'லெகிதோஸ்' என்று பெயர். இப்போது கடையில் வருவது பெரும்பாலும் சோயா அல்லது சூரியகாந்தி. சுத்திகரிக்காத எண்ணெயில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் பிசின் மாதிரி ஒன்று ஒதுங்கும். அதன் ஈரத்தைப் போக்கினால் லெசித்தின். பிஸ்கட் உறையில் 322 என்று போட்டிருப்பதும் இதுதான்.

டோம்பிவிலியிலிருந்து: தேங்காய் எண்ணெய், ரோஜாப் பன்னீர், லெசித்தின் மூன்றையும் அடித்து க்ரீம் செய்தேன். காலையில் பார்த்தால் எண்ணெய் தனி, தண்ணீர் தனி!

நீங்கள் சரியாகத்தான் அடித்திருப்பீர்கள். லெசித்தினுக்குத் தண்ணீரோடு ஒட்டும் ஒரு தலையும் எண்ணெயோடு ஒட்டும் இரண்டு வால்களும் உண்டு. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் சாதாரண லெசித்தின் எண்ணெய்ப் பக்கமே சாய்ந்தது. பன்னீர் அதிகமானால் தாங்காது. லெசித்தினை மட்டும் தனியாக விடாதீர்கள். 100 கிராம் க்ரீமுக்கு 2 கிராம் லெசித்தின், கூடவே எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வைக்கும், ஆலிவிலிருந்து எடுக்கும் எமல்சிஃபையர் மெழுகு 5 கிராம் போடுங்கள். எண்ணெயையும் பன்னீரையும் தனித்தனியாக 70 டிகிரிக்குச் சூடாக்கி, கலந்து, ஆறும்வரை அடியுங்கள்.

இன்னொன்று. லெசித்தின் தேன் நிறத்தில், ஸ்பூனை விட்டு இறங்காமல் நூல் நூலாக இழுக்கும். நேரே பன்னீரில் போட்டால் மஞ்சள் கட்டிகளாக மிதக்கும். முதலில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான எண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாணவி: முகம் வெளுக்குமா அக்கா?

வெளுக்காதும்மா. தோல் மெத்தென்று இருக்கும், ஈரம் சீக்கிரம் போகாது. அது போதாதா? உன் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை.

தாணேயிலிருந்து: இயற்கைப் பொருள்தானே, கெடாமல் வைக்கும் ப்ரிசர்வேட்டிவ் எதற்கு? வைட்டமின் ஈ விட்டால் போதாதா?

போதவே போதாது. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத்தான் தள்ளிப்போடும், பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. தண்ணீர் சேர்ந்த எதிலும் கிருமி வளரும். ஒரு ஜூலை மாதம் என் நாத்தனாருக்கு ப்ரிசர்வேட்டிவ் இல்லாமல் ஒரு டப்பா கொடுத்தேன். ஒன்பதாம் நாள் மூடியின் உள்பக்கம் சாம்பல் பச்சையில் புள்ளிகள். அவள் அதற்குள் முகத்தில் தடவியிருந்தாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வளர்வது இன்னும் மோசம். தயவுசெய்து அந்தப் பரீட்சை வேண்டாம்.

வாஷியிலிருந்து: பையனுக்கு சோயா அலர்ஜி. தடவலாமா?

சோயா லெசித்தினில் துளி புரதம் தங்கியிருக்கலாம். சூரியகாந்தி வாங்குங்கள். அதையும் டாக்டரைக் கேட்டுவிட்டே தடவுங்கள்.

சயானிலிருந்து: எங்கே வாங்குவது?

பிரின்சஸ் ஸ்ட்ரீட் பக்கம் கெமிக்கல் கடைகளில் காஸ்மெட்டிக் கிரேடு என்று கேளுங்கள். டப்பாவைத் திறந்து மோந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நல்லதில் வறுத்த பருப்பு மாதிரி லேசான வாசனை வரும். பழைய வடைச்சட்டி எண்ணெய் வாடை அடித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.